பாசித் தூளும் பொரியும்

மீனுக்கு வாயைப் பிளந்து ஊட்டிவிடாததுதான் பாக்கி. மற்ற எல்லாவற்றையும் அந்த வருஷம் செய்து பார்த்துவிட்டேன். சுருள்பாசித் தூளைத் தவிட்டோடும் கடலைப் பிண்ணாக்கோடும் கலந்தேன். தண்ணீரில் கரைந்து போகிறதென்று கஞ்சி ஊற்றிப் பிசைந்தேன். வாடை பிடிக்கவில்லையோ என்னவோ என்று வெல்லத் தண்ணீர் தெளித்தேன். என் விரலெல்லாம் பச்சை, நகக்கண்ணெல்லாம் பச்சை. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் பாசி வாடை அடித்தது. இத்தனை பாடுபட்டு உருட்டிக் கொண்டுபோய் வைத்தால், எங்கள் குளத்துச் சீமாட்டிகள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சீமாட்டிகள் என்று நான் சொல்வது ரோகுக் கெண்டைத் தாய் மீன்களை. திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் குளம் இருக்கிறது. என் மாமனார் காலத்தில் வயல் மேட்டுக்கு மண் எடுத்து எடுத்துப் பள்ளமாகி, பிறகு குளமே ஆகிவிட்ட இடம் அது. மாமனார் போன பிறகு என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணனுக்கு அந்த இடத்தில் லாட்ஜ் கட்ட வேண்டும். சனிக்கிழமை ஆனால் சாமி கும்பிட வருகிற கூட்டம் தங்க இடமில்லாமல் அலைவதைப் பார்த்து அவருக்கு வந்த ஆசை. குளத்தைத் தூர்த்துவிட்டால் மனை நல்ல சதுரமாக வரும் என்று அவர் கையாலேயே காற்றில் கோடு போட்டுக் காட்டுவார்.

எனக்கு அங்கே மீன் குஞ்சு உற்பத்தி செய்ய வேண்டும். விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தனியார் பள்ளியில் தவளைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டே காலம் தள்ளியவள் நான். அதை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பட்டினத்துக் கடற்கரையிலும் மண்டபத்தூர்க் கடற்கரையிலும் கடல் மீன் துள்ளத் துடிக்க வந்து இறங்கும்போது குளத்து மீனை எவன் தின்பான் என்றார்கள். நான் விற்கப் போவது தின்கிற மீன் இல்லை, குஞ்சு. டெல்டாவில் பண்ணைக் குட்டை வெட்டியவர்கள் எல்லாம் குஞ்சுக்கு எங்கெங்கோ அலைகிறார்கள் என்று விளக்கினேன். கேட்டால்தானே.

கடைசியில் என் கணவரின் அண்ணன் ஒரு தவணை கொடுத்தார். ஆடி மாதம் வரைக்கும் பார். குஞ்சு வந்தால் குளம் உனக்கு, நான் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். வரவில்லை என்றால் லாரியில் மண் வந்து இறங்கும், அப்புறம் மூக்கைச் சிந்தக் கூடாது. அவர் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

பாசி யோசனை என் கல்லூரித் தோழி சொன்னது. மாநில எல்லை தாண்டினால் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீன் குஞ்சுப் பண்ணையில் அவள் வேலை பார்க்கிறாள். தாய் மீனுக்கு வெறும் தவிடும் பிண்ணாக்கும் போட்டால் உடம்பு வைக்கும், முட்டை வைக்காது என்றாள். சுருள்பாசியில், அதுதான் ஸ்பைருலினா, புரதம் உண்டு, முட்டையின் தரத்துக்கு வேண்டிய சத்தெல்லாம் உண்டு. சினைக்கு முந்தைய மாதங்களில் தீவனத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கொடு, முட்டையும் நன்றாக வரும், பொரிக்கிற குஞ்சும் தெம்பாக இருக்கும் என்றாள். நானும் தேடிப் பிடித்துப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தது, மீன் தின்னாததைத் தவிர. ஓட்டை போட்ட சாக்குப் பையில் தீவனத்தை அடைத்து, குளத்தில் நட்ட மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவோம். மீன் வந்து ஓட்டை வழியாகக் கொத்தித் தின்னும். மதியத்துக்குள் பை காலியாகத் தொங்க வேண்டும். எனக்கோ தினமும் பாதிப் பை அப்படியே கொழகொழவென்று திரும்பி வந்தது. அதைக் கரையில் கொட்டும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது.

பாசித் தூள் விற்ற ஆளுக்குப் போன் போட்டுக் கத்தினேன். மற்றவர்கள் மீனெல்லாம் சாப்பிடுகிறதே மேடம் என்றான். அப்படியென்றால் என் மீனுக்கு மட்டும் நாக்கு நீளமா என்று கேட்டேன். அவன் வேறு மூட்டை அனுப்புகிறேன் என்றான். அந்த மூட்டையும் வந்தது, அதே கதைதான். தண்ணீரைச் சோதித்தேன். நாங்கள் கடைமடை, ஆற்றுத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும், அதனால் தண்ணீர் மேல் சந்தேகப்படுவது எங்களுக்குப் பிறவிக் குணம். தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை.

இதில் என் கணவர் ஒருவர்தான் எனக்கு ஆறுதல். மின்சாரத் துறையில் வேலை. அவர் அதிகம் பேச மாட்டார். அவர் அண்ணன் முன்னால் சுத்தமாகப் பேச மாட்டார். ஆனால் தினமும் காலையில் நான் அடுப்படியில் தீவனம் கிளறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டு வருவார். மீனெல்லாம் நல்லா இருக்குது, கரை ஓரமா வந்து நிக்குது என்பார். இந்த மனுஷனுக்காவது என் குளத்தின் மேல் அக்கறை இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நினைத்தால் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. பருத்திருந்தன. தின்னாமலே பருக்கிறதே, தண்ணீரில் தானாக விளையும் பூச்சி பொட்டைத் தின்கிறது போல என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயிறு உப்பியிருந்ததைப் பார்த்து, கொஞ்சமாவது பாசி உள்ளே போய்ச் சினை பிடித்துவிட்டது என்றுகூடச் சந்தோஷப்பட்டேன்.

ஆடி பிறந்ததும் தோழியை வரச் சொன்னேன். ரோகு குளத்தில் தானாக முட்டையிடாது. பருவத்தில் பிடித்து ஊசி போட்டு, துணித் தொட்டியில் ஆணோடு விட வேண்டும். அதற்கு முன்னால் மீன் பக்குவத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலை இழுத்தோம். ஆண் மீனை லேசாக அழுத்தினால் விந்துப் பால் வந்தது. தோழி ஒரு தாய் மீனை ஈரத் துணியில் புரட்டி வயிற்றைத் தடவினாள். அடுத்ததைத் தடவினாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

வயிறு மெத்தென்று இருக்க வேண்டும், இது கெட்டியாக இருக்கிறது என்றாள். எல்லா மீனும் அப்படியே. வலையில் அடிபட்டு ஒரு தாய் மீன் செத்துவிட்டது. எடுத்து அரிந்து பார்த்துவிடுவோம் என்று கத்தி கேட்டாள். அரிந்தாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. அதற்கு நடுவில் சினைப்பை நூல் மாதிரி சூம்பிக் கிடந்தது. குடலைப் பிதுக்கினாள். வெள்ளையாக மாவு மாதிரி வந்தது. அதில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ. அவள் விரலில் எடுத்து வெயிலில் காட்டினாள்.

“ஏண்டி, மீனுக்கு எள்ளுச் சோறா போடுற?”

எள். திருநள்ளாற்றுக்காரியிடம் எள்ளைக் காட்டிவிட்டு வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சனீஸ்வரனுக்கு எள் விளக்கு, காக்காய்க்கு எள்ளுச் சோறு. எங்கள் ஊரில் எள் இருக்கிற இடத்தில் ஒரு பரிகாரம் இருக்கும். எவனோ வெளியூர்க்காரன் பஸ்ஸிலிருந்து இறங்கி, குளத்தைக் கண்டதும் புண்ணியம் தேடிக்கொள்கிறான் என்று முடிவு கட்டினேன். கையில் கிடைத்தால் அவனையே குளத்தில் தள்ளிவிடுவது என்று தீர்மானம்.

அடுத்த சனிக்கிழமை விடிகிற நேரம், என் கணவர் எழுந்து போன பிறகு நானும் பின்னாலேயே போனேன். காவலுக்குத் துணையாக அவர் இருப்பாரே என்ற தைரியம். வேலி ஓரத்தில் நின்று பார்த்தேன். கரையில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பொரிப் பை, ஒரு தூக்கு. தூக்கிலிருந்து எள்ளுச் சோற்றை உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். என் சீமாட்டிகள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி மேலே வந்து அடித்துப் பிடித்துத் தின்றன. அந்த ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டவர்தான்.

வேலியை விலக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த உருண்டையையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். குடும்ப ஜோசியரிடம் போயிருக்கிறார். தடைபட்ட காரியம் நடக்க வேண்டுமென்றால் மீனுக்கு இரை போடு என்றிருக்கிறார் ஜோசியர். கோயில் குளத்துக்குப் போனால் கூட்டம், வேலைக்கு நேரமாகிவிடுகிறது. நம் வீட்டிலேயே மீன் இருக்கும்போது ஊரார் மீனுக்கு ஏன் போட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவருடைய வீட்டுக் கணக்குப் புத்தி அப்படித்தான் ஓடும். சனிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தவர், மற்ற நாளிலும் மீன்கள் கரையில் வந்து காத்து நிற்கிறதைப் பார்த்து, பாவமாயிருக்கிறதென்று தினமும் போட்டிருக்கிறார். அலுவலகத்துக்கு எதிரே கடையில் பொரி, சோறு வீட்டில் மிச்சம்.

“என்ன காரியம் தடைபட்டுச்சுன்னு இதைச் செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“இந்தக் குளம்தான். நீ இவ்வளவு பாடுபடுறே. அண்ணன் தூத்துடக் கூடாதுன்னுதான் போட்டேன்.”

எனக்கு அழுகையும் வந்தது, அவரை அடிக்கலாமா என்றும் வந்தது. காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வரும் மீன் என் பாசியைத் திரும்பிப் பார்க்குமா? நான் குற்றம் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. விற்றவனைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன், மீனின் நாக்கைத் திட்டினேன். என் வீட்டுக்குள் இருந்த ஆளை மட்டும் ஆறுதல் என்று வைத்திருந்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அன்று முழுவதும் புலம்பினேன். பரிகாரத்தை வெளியே சொன்னால் பலிக்காது என்றாராம் ஜோசியர்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காதது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

ஆடிக் கடைசியில் என் கணவரின் அண்ணன் வந்தார். கரையில் நின்றுகொண்டு, குஞ்சு எங்கே என்றார். இல்லை என்றேன். ஏன் இல்லை என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கரை ஓரத்தில் இருந்த எலுமிச்சைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். அவர் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்; என் பேரும் நிற்கும், பாசியின் பேரும் நிற்கும். வாயில் கொழுக்கட்டையை அடைத்து வைத்த மாதிரி நின்றார் மனுஷன். நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தம்பிக்கு விவரம் பத்தாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லித்தான் இவரை இப்படி வாய் செத்தவராக்கி வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு விஷயத்தை என் கையால் எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“தீவனத்துல நான்தான் தப்பு பண்ணிட்டேன் மாமா. இன்னும் ஒரு ஆடி வரைக்கும் டயம் கொடுங்க.”

“படிச்சவங்க பண்ற வேலையா இது?” என்றார் அவர்.

அதற்கும் என் கணவர் வாய் திறக்கவில்லை. லாட்ஜுக்கு அனுமதி வாங்குகிற வேலை எப்படியும் இழுத்துக்கொண்டிருந்ததால், சரி, அடுத்த ஆடி, அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அன்றிலிருந்து ஒரு வாரம் நான் என் கணவருக்குச் சோறு போட்டேன், பேச்சுப் போடவில்லை. பொரியை இனிக் கோயில் குளத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள், இங்கே ஒரு பருக்கை விழக்கூடாது என்பதைக்கூட ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டார். விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கோயில் குளத்துக்குப் போக ஆரம்பித்தார். எங்கள் மீன்கள் கொஞ்ச நாள் கரையில் வந்து நின்று ஏமாந்தன. உடம்பு வற்றட்டும் என்று கொஞ்ச காலம் நானும் தீவனத்தைக் குறைத்தேன். பிறகு மறுபடி பாசி உருட்டினேன், மறுபடி விரல் பச்சை. ஒரு நாள் மதியம் போய்ப் பார்த்தால் பை காலியாகத் தொங்கியது. மறுநாளும் காலி. வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவரிடம்தான் சொல்ல முடிந்தது. அவர் பையை வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றார்.

அந்த ஆடியில் தோழி வந்து தாய் மீனைத் தடவியதுமே சிரித்துவிட்டாள். ஊசி போட்டுத் துணித் தொட்டியில் விட்டோம். மறுநாள் காலையில் தொட்டி முழுக்க முட்டை, ஜவ்வரிசியைக் கொட்டி வைத்த மாதிரி. அதிலிருந்து கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள் வந்தன. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். குளம் எனக்கு நின்றது; அண்ணன் சொன்ன வாக்குப்படி லாட்ஜுக்கு வேறு இடம் பார்க்கப் போனார்.

அதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். வந்தவர் போனவர் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? சனீஸ்வரன் கண்ணைத் திறந்துவிட்டான் என்றார்கள். தம்பி வருஷக்கணக்காக மீனுக்குப் பொரி போட்ட புண்ணியம் என்றார்கள். பரிகாரம் பலித்த பிறகு வெளியே சொல்லலாம் போலிருக்கிறது, ஜோசியரே ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். என் பாசி எங்கே போயிற்று, வெந்து நொந்த என் விரல் எங்கே போயிற்று? ஒருவர் வாயிலும் அது வரவில்லை. போதாக்குறைக்கு, கோயில் குளத்தைவிட ராசியான குளம் என்று ஜோசியர் எங்கள் குளத்தைச் சிபாரிசு செய்யவும் ஆரம்பித்திருந்தார். நான் வேலிக்குப் படல் கட்டினேன்.

படல் கட்டினால் அந்நியர்களைத் தடுக்கலாம். சொந்த அண்ணனைத் தடுக்க முடியுமா? ஒரு சனிக்கிழமை காலை அவர் ஒரு மூட்டைப் பொரியோடு வந்து நின்றார். லாட்ஜுக்கு வேறு இடம் பார்த்தார் அல்லவா, அதிலும் ஏதோ வில்லங்கம். ஜோசியர் இங்கே போடச் சொல்லியிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டை வாயை அவிழ்த்தார். அடுத்த பருவத்துக்கு நான் தயார் செய்துகொண்டிருந்த தாய் மீன்கள் கீழே இருந்தன. இவர் ஒரு நாள் போட்டால் ஊரே போடும். வேண்டாம் என்று நான் சொன்னால், என் காரியம் கெடட்டும் என்கிறாயா என்பார். என் கணவர் பக்கத்தில் நின்றார், வழக்கம்போல எலுமிச்சைச் செடி இருக்கிற பக்கம். அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது?

அண்ணன் ஒரு கை அள்ளி ஓங்கினார்.

“போடாதீங்கண்ணே” என்று குரல் கேட்டது. “முந்தின வருஷம் முட்டை வராம போனதுக்கு நான்தான் காரணம். நான்தான் தினம் பொரியும் எள்ளுச் சோறும் போட்டேன். மீனெல்லாம் கொழுத்துப் போயிடுச்சு. இவ மேல தப்பே இல்ல. இந்த வருஷம் குஞ்சு வந்தது இவ உருட்டுன பாசியிலதான்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். அண்ணன் ஓங்கிய கையை இறக்கவில்லை. பொரி இரண்டொன்று விரலிடுக்கில் நழுவிக் கரையில் விழுந்தது. தம்பியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நீதான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னியேம்மா?”

சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவர் சொல்லியாகிவிட்டது. அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையில் இருந்ததை மூட்டையிலேயே போட்டுவிட்டு, இவ்வளவு பொரியை இப்போது என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டார்.

நான் மூட்டையை வாங்கிக் கீழே வைத்து, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பச்சை விரலால் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, என் கணவரிடம் ஒரு பிடியை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். நமத்துப் போன பொரி. மூன்று பேரும் தின்றோம்.